ஒழுங்கைக் கோடியில் பதினொரு பரல்

இருபத்தெட்டு வருஷம் அரசாங்கக் கந்தோரில் கடிதங்களைக் கோவை கட்டி எழுத்து வேலை பார்த்தவள் நான். இதைச் சொல்லாமல் என்னால் ஒரு கதையையும் தொடங்க முடியாது. என் தங்கச்சி இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, நான் வாயைத் திறக்கும்போதே, "ஓம் ஓம், இருபத்தெட்டு வருஷம்" என்று தானே சொல்லி முடித்துவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகும் மருந்துச் சீட்டுத் துண்டுகளைக்கூடத் துளை போட்டு, நாடா கட்டி, வெளியே தலைப்பு எழுதித்தான் வைத்திருக்கிறேன். அதற்கும் அவள் சிரிப்பாள்.

எங்கள் ஊர் ஆரையம்பதிக்கும் பெரியகல்லாற்றுக்கும் இடையில் கிடக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. ஆறு என்று நாங்கள் சொல்வது வாவியைத்தான். என் வீடு பெரிய வீதியோரம். என் மதிலை ஒட்டி ஒரு ஒழுங்கை ஆற்றுக்கு இறங்கிப் போகிறது. அதன் கோடியில் தங்கச்சி வீடு. முன்னால் தகரக் கொட்டில் இறக்கிக் காலையில் இடியப்பமும் பிட்டும் விற்கிறாள். அவள் புருஷன், என் மச்சான், விடியப் போய் நண்டு வலை எடுக்கிற ஆள். அவர் கொண்டுவருவதை நம்பி உலை வைக்க முடியாது. மூன்று பிள்ளைகளின் படிப்பும் அந்தக் கொட்டிலில்தான் தங்கியிருந்தது.

அவள் வேலிக்கு அப்பால் ஒரு வெறுங்காணி. முன்பு வீதியை அகலமாக்கிய காலத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவர் அங்கே சாமான் போட்டு வைத்திருந்தார். வேலை முடிந்ததும் ஆள் போய்விட்டார். அந்தக் கம்பனியே பிறகு இல்லாமல் போய்விட்டதாகக் கேள்வி. பதினொரு பரல், பெரிய இரும்புப் பீப்பாய்கள், மட்டும் மிஞ்சி நின்றன. சிலதில் தார், மற்றதில் கழிவெண்ணெய். பல வருஷம் அவை சும்மா நின்றன. நாய்கள் நிழலுக்குப் படுத்தன. எவரும் அவற்றைப் பார்க்கவில்லை, அவையும் எவரையும் தொந்தரவு செய்யவில்லை.

போன மாசியில் ஒருநாள், தங்கச்சியிடம் தினமும் சாப்பிடுகிற வாத்தியார் ஒருவர் சொதியை வாயில் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். "பிள்ள, இண்டைக்கு சொதி பஸ் ஸ்டாண்ட் மாதிரி மணக்குது" என்றார். தங்கச்சி அவரை ஏசிவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீரின் மேல் நீலமும் மஞ்சளுமாக ஒரு படலம் மினுங்கியது.

பரல்களின் அடி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. எங்கள் ஊர் மணலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. மேலே ஊற்றுகிற எதையும் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். குழாய்த் தண்ணீரோ பெரிய வீதியோடு நின்றுவிட்டது. ஒழுங்கைக்குள்ளும் வரும் என்று சொல்லியே இரண்டு தேர்தல் போய்விட்டது.

தங்கச்சி என் வீட்டுக்கு ஏறி வந்தாள்.

"அக்கா, நீ கந்தோர் ஆள்தானே. என்னவாவது செய்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நீ போய் மாவைக் குழை. நான் பார்த்துக்கொள்றன்" என்றேன்.

அன்று நான் எழுதிய கடிதம் போல என் சேவைக் காலத்திலேயே எழுதியதில்லை. பொருள், மேற்படி விடயம், தங்களது மேலான கவனத்துக்கு, எல்லாம் அதனதன் இடத்தில் அமர்ந்தன. கடைசியில் பிரதிகள் போட்டேன். பிரதி போடுவதில் எனக்கு ஒரு சபலம் உண்டு. வீதிக்காரருக்கு ஒன்று, அவர்களுடைய ஒப்பந்தக்காரர் போட்ட பரல் என்பதால். கரைக்காரருக்கு ஒன்று, ஆற்றோரம் அவர்கள் பொறுப்பு என்பதால். சபைக்காரருக்கு ஒன்று, குப்பை அள்ளுவது அவர்கள் என்பதால். சுற்றாடல்காரருக்கு ஒன்று, பெயரிலேயே சுற்றாடல் இருப்பதால். நான் இப்படித்தான் சொல்வேன். கந்தோர்களின் சரியான பெயரைச் சொன்னால் அது எங்களையல்ல என்று நாளைக்கே இன்னொரு கடிதம் வரும்.

தங்கச்சி கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். "இது ஆருக்கு அக்கா எழுதின?"

"எல்லாருக்கும்."

"எல்லாருக்கும் எழுதினா பிறகு வாறது ஆரு?"

உனக்கு இதெல்லாம் விளங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விளங்காதது எனக்குத்தான். கந்தோரில் இருந்தபோது நாலு பேருக்குப் பிரதி போன கடிதம் மேசைக்கு வந்தால் நானே என்ன செய்வேன்? மற்ற மூன்று பேரில் ஒருவர் பார்ப்பார் என்று இலக்கம் போட்டு, கோவையில் குத்தி, தேத்தண்ணி குடிக்கப் போவேன். அதே நான் என் தங்கச்சியின் கிணற்றுக்கு நாலு பிரதி போட்டேன்.

சபைக்காரர் முதலில் பதில் போட்டார்கள். தாங்கள் அள்ளுவது வீட்டுக் குப்பை, பரல் வீட்டுக் குப்பைக்குள் அடங்காது. சுற்றாடல்காரர் அன்பாக எழுதினார்கள். அகற்றுவதற்கு முன் எப்படி அகற்றுவது என்று ஆலோசனை தருவார்களாம், அகற்றுவது அவர்கள் வேலை இல்லையாம். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். பதினொரு பரலையும் பதினொரு படமாக எடுத்து அனுப்பினேன். நீலக் கோடு இரண்டு விழுந்தது. அதற்கு மேல் ஒன்றும் விழவில்லை.

மிஞ்சியது வீதிக்காரரும் கரைக்காரரும். இவர்கள் விஷயத்தில்தான் எங்கள் ஆறு தன் குணத்தைக் காட்டியது. பரல் நின்ற இடம் நிரந்தரமாகத் தரையுமில்லை, தண்ணியுமில்லை. கோடையில் ஆறு வற்றிப் பின்வாங்கும்போது பரல்கள் காய்ந்த மணலில் நிற்கும். மாரியில் ஆறு ஏறும்போது அதே பரல்கள் முழங்கால் தண்ணீரில் நிற்கும். தரையில் நின்றால் வீதிக்காரர் பொறுப்பு. தண்ணீரில் நின்றால் கரைக்காரர் பொறுப்பு. இதில் இரண்டு பக்கத்துக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

கரைக்காரர் ஆவணி வெயிலில் வந்தார்கள். இரண்டு ஐயாமார், ஒரு மிஸ், ஒரு அளவு நாடா. ஆற்று விளிம்பிலிருந்து பரல்வரை அளந்தார்கள். நல்ல தூரம். "இது தரையில எல்லோ நிக்குது அம்மா" என்றார் ஒருவர், ஏதோ நான் இரவோடு இரவாக உருட்டிக்கொண்டு வந்து வைத்தது போல. மாரியில் தண்ணீர் வரும் என்றேன். "வந்தா சொல்லுங்க." பிறகு தங்கச்சி கொட்டிலில் இருந்து ஆளுக்குப் பத்து இடியப்பம் சாப்பிட்டார்கள். அவள் அந்தக் கிணற்றில் சட்டி பானை மட்டும் கழுவி, சமைக்க நாலு வீடு தள்ளி ஒரு கிணற்றில் கெஞ்சி அள்ளிவந்த காலம் அது. சம்பல் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

புரட்டாசியில் அந்த நாலாம் வீட்டுக் கிணற்றிலும் படலம் தெரிந்தது. அடுத்த கிழமை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தார். அவருக்குப் பிரதி போட நான் மறந்திருந்தேன். கிணற்றைப் பார்த்தார், ஒரு போத்தலில் அள்ளி மூடினார், கொட்டிலில் ஒரு அறிவித்தல் துண்டை ஒட்டினார். சுத்தமான தண்ணீருக்கு வழி செய்யும்வரை கடை திறக்கக்கூடாது. பத்து நிமிஷம்கூட எடுக்கவில்லை.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் துண்டைப் பார்த்தேன். துண்டில் ஒரு பிழையும் இல்லை.

"பாத்தியா அக்கா? பரலுக்குத்தான் ஆளில்ல. என்ட கிணத்துக்கு உடனே ஆள் வந்திட்டு."

அந்த மனிதரில் குறை சொல்ல இல்லை. அவர் தன் வேலையைச் செய்தார். எனக்குத்தான் கோபம் கோபமாக வந்தது. வந்த கோபத்தில் இன்னும் மூன்று கடிதம் எழுதினேன். நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு, இறுதி நினைவூட்டல். தங்கச்சி இடியப்ப உரலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவளுடைய மூத்த மகளின் ரியூஷன் நின்றது. தங்கச்சி என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. மாசியில் வந்து கேட்டதே பெரிய காரியம்.

கார்த்திகையில் மழை பிடித்தது. வீதிக்காரர் அப்போதுதான் வந்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கைக் கோடியில் நின்றார்கள். பரல்கள் முழங்காலளவு தண்ணீரில் நின்றன. "இது ஆத்துக்குள்ள நிக்குதே" என்று அவர்களில் பெரியவர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கச்சி சிரிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மாரி முற்றி, ஆற்றுக்கு அக்கரையான படுவான்கரையில் வயல்கள் வட்டை வட்டையாகத் தண்ணீருக்குள் போனால் பெரியகல்லாற்றில் ஆற்றுவாயை வெட்டுவார்கள். மணல்திட்டை இயந்திரத்தால் அறுத்துவிட, ஆறு கடலுக்குள் பாயும். வெட்டுகிற அன்று எல்லாக் கந்தோர்காரரும் அங்கே நிற்பார்கள். விவசாயி வெட்டு என்பான், மீன்பிடிக்காரன் பொறு என்பான், நடுவில் இவர்கள் நிற்கவேண்டும். முடிந்ததும் எல்லா வாகனமும் என் வாசலால்தான் திரும்பவேண்டும். வேறு வீதி கிடையாது.

வெட்டின அன்று நான் பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு என் வாசல் படலையில் நின்றேன். கை காட்டிய எல்லா வாகனமும் நின்றது. பழைய மரியாதை ஒன்று இருக்கத்தானே செய்யும். வீதிக்காரர், கரைக்காரர், சபைக்காரர், சுற்றாடல்காரர், நாலு பேரையும் ஒரே நேரத்தில் ஒழுங்கைக் கோடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். இருபத்தெட்டு வருஷத்தில் எந்தப் பெரியவராலும் செய்ய முடியாத காரியம் அது. பெருமையில் எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

ஆறு இறங்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர் விளிம்பு சரியாகப் பரல்களுக்கு நடுவால் போனது. ஆறு பரல் தண்ணீரில், ஐந்து பரல் தரையில்.

"அப்ப ஆறு உங்கட, அஞ்சு எங்கட" என்றார் வீதிக்காரர்.

கரைக்காரர் ஒத்துக்கொண்டார். சுற்றாடல்காரர் ஆலோசனை தருவதாகச் சொன்னார். சபைக்காரர் ஆட்களை இரவல் தரப் பார்ப்பதாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதி ஒப்பம் வைப்போம் என்று எல்லாரையும் என் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்தேன். நானே கூட்டக் குறிப்பு எழுதினேன். அழகாக எழுத வேண்டுமென்று அடித்தடித்து எழுதினேன். எழுதி முடித்து, எதற்கும் ஒருமுறை எண்ணிவிட்டு ஒப்பம் வைப்போம் என்று கரைக்காரர் சொல்ல, மறுபடி இறங்கிப் போனோம்.

தண்ணீரில் இரண்டு பரல் நின்றது. ஒன்பது தரையில்.

"முதல் எண்ணினதுதான் கணக்கு" என்றார் வீதிக்காரர்.

"தண்ணி இல்லாத இடத்தில நாங்க எப்பிடி ஒப்பம் வைக்கிறது?" என்றார் கரைக்காரர்.

பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டில் ஒன்றின் அடி தெரிந்தது. அடுத்த மாதம் இன்னொரு கூட்டம் வைத்து, நீர்மட்டம் ஒரு நிலைக்கு வந்த பின் தீர்மானிப்பதென்று எல்லாரும் ஒற்றுமையாக முடிவெடுத்தார்கள். சேலைக் கரையில் சேறு ஒட்டியபடி நான் நின்றேன். தங்கச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு திரும்பி மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனாள். என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் படலையைத் திறக்கப் போனேன், திறக்கவில்லை. எட்டிப் பார்த்தால் பரல். பதினொரு பரலும் ஓட்டை விழுந்த பக்கத்தில் படங்குத் துணி சுற்றி, கயிறு வரிந்து, என் வாசல் தொடக்கம் பெரிய வீதியின் எதிர்ப்பக்கத்து வெள்ளைக் கோடு வரைக்கும் வரிசையாக நின்றன. கல்முனை பஸ் அந்தப் பக்கம், மட்டக்களப்பு பஸ் இந்தப் பக்கம். ஹோர்ன் சத்தத்தில் காது கிழிந்தது. என் மச்சானும் கூட்டாளிகள் நாலு பேரும், ஒன்றும் தெரியாதவர்கள் போல எதிர்க் கடை வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கட்டியிருந்த சாரமெல்லாம் கறுப்பாக இருந்தது.

தங்கச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னடி இது?"

"வீதி" என்றாள். "இது தண்ணியா தரையா எண்டு ஒருத்தனும் கேக்க ஏலாது."

அரை மணித்தியாலம். வீதிக்காரர் லொறியோடும் கிரேனோடும் வந்தார்கள். பொலிஸ் வந்தது. அளவு நாடா வரவில்லை. யார் வைத்தது என்று கேட்டார்கள். பஸ்ஸில் இருந்த அறுபது பேருக்கும் தெரியாது, கடைக்காரருக்குத் தெரியாது, மச்சானுக்குத் தெரியாது. "மிஸ், உங்கட வாசல்ல எல்லோ, உங்களுக்குத் தெரியாதா?" என்று பொலிஸ்காரர் என்னைக் கேட்டார். அரசாங்கத்துக்குப் பொய் சொல்லாதவள் என்று பேரெடுத்த நான், "இப்பதான் எழும்பினன் தம்பி" என்றேன். பதினொரு பரலும் லொறியில் ஏறிப் போயின. ஒழுங்கையே சிரித்தது. நானும் வயிறு நோகச் சிரித்தேன்.

பத்து நாளில் கரைக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. களப் பரிசோதனையின்போது குறித்த இடத்தில் பரல்கள் எவையும் காணப்படாமையால் முறைப்பாடு முடிவுறுத்தப்படுகிறது. பரல் போய்விட்டது, உண்மைதான். ஆனால் அவை நின்ற இடத்தில் பதினொரு கறுப்பு வட்டம் அப்படியே கிடந்தது. ஒரு சாண் தோண்டினாலும் கறுப்பு, முழம் தோண்டினாலும் கறுப்பு. கிணற்றில் அதே நீலமும் மஞ்சளும். கொட்டிலில் அதே துண்டு.

மண்ணையும் கிணற்றையும் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதத் தீர்மானித்தேன். அந்தக் காணியைப் பற்றி முன்பு ஏதும் கடிதம் வந்திருந்தால் அதன் இலக்கத்தையும் காட்டி எழுதலாம் என்று நினைத்தேன். என் பழைய கந்தோருக்குப் போனேன். என் கதிரையில் இப்போது இருக்கிற பிள்ளை மரியாதையான பிள்ளை. தேடி ஒரு கோவையை எடுத்துத் தூசி தட்டித் தந்தாள். "மிஸ், இது உங்கட எழுத்துத்தானே? எவ்வளவு வடிவு" என்றாள்.

வடிவாகத்தான் இருந்தது. கோவையின் அடியில் முதலாவது கடிதம், ஒப்பந்தக்காரர் போன அடுத்த வருஷம் வந்தது. மீனவர் சங்கத்தின் பேரில் கையால் எழுதியது. பதினொரு பரல் நிற்கிறது, இப்போது ஓட்டையில்லாமல் நல்லபடி இருக்கிறது, துருப்பிடிக்க முதல் எடுத்துத் தரும்படி தயவாய்க் கேட்கிறோம், பக்கத்தில் கிணறுகள் உண்டு. அதன் ஓரத்தில் என் எழுத்து: எமது விடயப்பரப்பல்ல, உரியோர்க்கு அனுப்புக. கீழே என் சுருக்கொப்பம். கிணறுகள் உண்டு என்ற இடத்தில் ஒரு கோடுகூட இழுக்கவில்லை நான். வாசித்த ஞாபகமே இல்லை. அன்றைக்கு அப்படி இருபது வந்திருக்கும்.

சங்கச் செயலாளர் என்று ஒப்பம் வைத்திருந்தவர் என் மச்சான்.

பஸ்ஸால் இறங்கியும் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அவரிடம் போனேன். கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "மச்சான், அந்தக் கடிதம்..." என்று தொடங்க, அவர் தலை நிமிரவில்லை.

"தெரியும் மச்சாள். உங்கட எழுத்து எனக்குத் தெரியாதா? நீங்க எழுதின பதில் எங்கட சங்கப் பெட்டியில கிடக்கு."

"அப்ப ஏன் என்னிட்ட நேர தரல்ல? வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே."

"சொந்தக்காரர் எண்டு கரைச்சல் தரக்கூடாது எண்டு நினைச்சன். கந்தோருக்குக் குடுத்தா கந்தோர் பாக்கும்தானே."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல்ல."

இத்தனை வருஷம் அவர் என் வீட்டில் வந்து சாப்பிட்டிருக்கிறார். என் இருபத்தெட்டு வருஷக் கதைகளைத் தலையாட்டிக் கேட்டிருக்கிறார். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. அவருக்கு முன்னால் அழுதேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த ஓட்டையைப் பிடித்தார்.

தங்கச்சியிடம் நானே சொன்னேன். குசினியில் நின்று சொன்னேன். பாதியில் என் கந்தோர்த் தமிழ் வந்து வாயை அடைத்தது. விடயப்பரப்பு என்றேன், உரியோர் என்றேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீதான் அனுப்பிவிட்டது. அதுதானே?"

"ஓம்."

அவள் கவிழ்த்து வைத்திருந்த இடியப்ப உரலை நிமிர்த்தி வைத்தாள். நான் விடவில்லை. "நான் இப்ப மண்ணைப் பற்றித் தனியா ஒரு கடிதம் எழுதப் போறன். இந்த முறை ஒருத்தருக்கு மட்டும்..."

"அக்கா" என்றாள். "உன்ட வீட்டில குழாய் இருக்குத்தானே?"

"இருக்கு."

"நீ கடிதம் ஒண்டும் போட வேணாம். தண்ணியக் கொண்டு வா."

என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நூறு மீற்றர் தூரம்கூட இல்லை. கடை மூடிக் கிடந்த அத்தனை நாளும் என் முற்றத்துக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. நான் அதற்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்து நினைவூட்டல் எழுதினேன். எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

"எத்தினை மணிக்கு வேணும்?" என்று கேட்டேன்.

"நாலரைக்கு. பிந்தாத."

மறுநாள் நாலு மணிக்கு எழும்பி, சைக்கிள் கரியரில் இரண்டு கேனை வைத்து, கோவை கட்டுகிற நாடாவால் இறுக்கிக் கட்டி, தள்ளிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினேன். அவள் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு கேனின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். பிறகு உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.